நாலு பக்கம் எழுதினேன், ஆறாவது வரியில் நின்றுவிட்டேன்

போன இதழில் இந்தப் பகுதியின் கடைசியில், "மேடை என்றாலே கால் நடுங்குகிறவர்கள் எழுதுங்கள், முடிந்தவரை பதில் சொல்கிறேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மலை முழுக்க இத்தனை பேருக்குக் கால் நடுங்குகிறது என்று அப்போது தெரியாது. குன்னூரில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்துகிற பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்களே சிலர், நேரில் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தபாலில் கேட்டிருக்கிறார்கள் (எனக்குக் கையெழுத்து தெரியாதா என்ன!). பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் யார் பெயரும் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி (குன்னூர் வாசகி): பேச்சு வகுப்பில் சேர்ந்து என் முதல் பேச்சு. 'பெண்மையின் பெருமை' என்று நாலு பக்கம் எழுதி, பத்து நாள் மனப்பாடம் செய்தேன். வீட்டில் ஒரு வார்த்தை பிசகவில்லை. வகுப்பில் ஆறாவது வரியில் நின்றுவிட்டேன், அடுத்த வரி வரவே இல்லை, உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஞாபக சக்தி குறைவா, இல்லை இது எனக்கு வராத வேலையா? பி.கு.: மாமியாரின் ஒரு ஏக்கர் தேயிலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். இலை எடை போடும் இடத்தில் ஆண்கள் என்னை வரிசையில் பின்னால் தள்ளும்போதுகூட வாய் வருவதில்லை.

பதில்: ஞாபக சக்தி குறைவாக இருந்தால் நாலு பக்கம் ஏறியே இருக்காதே அம்மா. அது நன்றாகத்தான் இருக்கிறது, வம்பே அதனால்தான். மனப்பாடம் செய்த பேச்சில் ஒவ்வொரு வரியும் முந்தின வரியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். வீட்டில் குறுக்கே யாரும் இல்லை, வந்தது. வகுப்பில் யாரோ நாற்காலியை இழுத்திருப்பார்கள், அல்லது முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பார், கண் அங்கே போன ஒரு நொடியில் வால் நழுவிவிட்டது. அடுத்து என்ன விஷயம் சொல்ல வந்தீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் அந்த நேரத்தில் தேடியது விஷயத்தை இல்லை, எழுதி வைத்த அந்த வார்த்தையை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. இந்த மலையிலேயே ஒரு பள்ளி ஆண்டு விழா, எந்தப் பள்ளி என்று வேண்டாம், தகரக் கூரை போட்ட மண்டபம். நான் சிறப்பு விருந்தினர், பிரமாதமாக உருப்போட்டுக்கொண்டு போயிருந்தேன். மூன்றாவது நிமிடம் மழை பிடித்தது. தகரத்தின் மேல் நம் ஊர் மழை விழுந்தால் என்ன சத்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், மைக் இருந்தும் பிரயோஜனமில்லை. நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றேன், பிள்ளைகளும் சிரித்தார்கள், அதுவரை எல்லாம் சரி. மழை விட்டதும் தலைமையாசிரியர் "தொடருங்கள் சார்" என்றார். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் "பேரன்பு கொண்ட பெற்றோர்களே" என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், இது முன்னாடியே சொல்லிட்டீங்க!" என்றான். அதற்கப்புறம் நான் எந்தப் பேச்சையும் முழுசாக எழுதி உருப்போடவில்லை.

அடுத்த பேச்சுக்கு இப்படிச் செய்து பாருங்கள். முதலில் பேனாவை எடுக்காதீர்கள். வீட்டில் யார் கிடைக்கிறார்களோ அவர்களிடம் அந்த விஷயத்தைச் சும்மா சொல்லுங்கள், காய் நறுக்கிக்கொண்டே சொல்லலாம், போன் பக்கத்தில் ரெக்கார்டு ஆகட்டும். அப்புறம் போட்டுக் கேளுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது, எல்லோருக்கும் அப்படித்தான், பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் போவதால் நமக்குக் கொஞ்சம் கனமாகக் கேட்கிறது, ரெக்கார்டில் அந்தக் கனம் இருக்காது. குரலை விடுங்கள். எதிரில் இருந்தவர் எந்த இடத்தில் "அப்படியா!" என்றார், எந்த இடத்தில் "ம்" கொட்டுவதை நிறுத்தினார் என்று மட்டும் பாருங்கள். "அப்படியா" வந்த இடம் பேச்சில் இருக்கட்டும். "ம்" நின்ற இடத்தை வெட்டுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

மிஞ்சுவதைப் போஸ்ட்கார்டு அளவு அட்டையில் ஏழெட்டுச் சொற்களாக எழுதிக்கொள்ளுங்கள், வரிகளாக வேண்டாம். நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளத்தில்தான் வருகிறது. அதற்கு மேல் குன்னூர் வரை, ஏறத்தாழ 12 அடி நகர்ந்தால் ஓரடி உயர வேண்டிய ஏற்றம், அதனால் நடுவில் பல் வைத்த தண்டவாளம் ஒன்று போட்டிருக்கிறார்கள், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது, 1899-ல் குன்னூருக்கு ரயில் வந்ததிலிருந்து அப்படித்தான். பேச்சிலும் நீங்கள் பட்டது, பார்த்தது எல்லாம் கல்லாறு வரைக்குமான சமதரை, குறிப்பே வேண்டாம், தானாக ஓடும். ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற இடம், ஓர் எண், ஓர் ஆளின் பெயர், இவைதான் ஏற்றம். அட்டையில் பல் அங்கே மட்டும் வையுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் வேண்டுமானால் உருப்போடுங்கள். முதல் வாக்கியம் சொல்லும்போதுதான் நெஞ்சு அதிகம் அடித்துக்கொள்ளும். கடைசி வாக்கியம் கையில் இல்லாதவர்கள் பஸ் ஸ்டாண்டில் இடம் கிடைக்காத டிரைவர் மாதிரி சுற்றிச் சுற்றி வருவார்கள்.

அப்புறம் தலைப்பு. 'பெண்மையின் பெருமை' யார் கொடுத்தது? நம் வகுப்பு விதிகளில் பாதி, டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பிடம் கடன் வாங்கியவை. 1924-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா ஆனா ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ.வில் ரால்ப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கக் கிளைகள். அங்கே புதிதாகச் சேர்ந்தவரின் முதல் பேச்சுக்குத் தலைப்பு அவரேதான், நாலிலிருந்து ஆறு நிமிடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். மறக்க முடியாத விஷயம் அது ஒன்றுதானே. உங்கள் பேச்சு நாலு பக்கத்தில் இல்லை, பின்குறிப்பில் இருக்கிறது. நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை கொடுத்தால்தான் ஒரு கிலோ தூள் ஆகிறது, அந்த நாலரைக் கிலோவைப் பறித்த கை தராசுக்கு முன்னால் வந்ததும் ஏன் பின்னால் போக வேண்டும் என்று கேளுங்கள். 'பெருமை' என்ற சொல்லே இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடிவிடும்.

கேள்வி (கொடைக்கானல் வாசகர்): எங்கள் சங்க விழாவில் நன்றியுரை என் தலையில். மேடையில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒருவரை விட்டால்கூடக் கோபித்துக்கொள்வார்கள். எனக்குக் கொடுத்திருப்பது ஐந்து நிமிடம்.

பதில்: உங்களுக்காகவே கடிகாரம் வைத்துச் சொல்லிப் பார்த்தேன் சார். பன்னிரண்டு பேருக்கும் பட்டம், பதவி, ஊர், 'அவர்களே' எல்லாம் போட்டால் இரண்டே முக்கால் நிமிடம் வருகிறது. அதற்குள் வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்கள். விளிப்பதும் நன்றி சொல்வதும் ஒரே பட்டியல்தானே, எதற்கு இரண்டு தடவை? "தலைவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம்" என்று ஒரே வரியில் நுழைந்துவிடுங்கள். அப்புறம் நன்றியை ஆளுக்காக இல்லாமல் காரியத்துக்காகச் சொல்லுங்கள்: மண்டபம் கொடுத்தவர், பந்தலும் மைக்கும் போட்டவர், மலை ஏறி வந்து பேசியவர், காலை ஆறு மணிக்கு வந்து அடுப்பு மூட்டியவர். பெயர் அப்போது தானாக வந்து உட்காரும், கேட்பவருக்கும் ஏன் அந்தப் பெயர் என்று புரியும். சமையல்காரரின் பெயரை மட்டும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எல்லா நன்றியுரையிலும் விட்டுப்போகிற பெயர் அதுதான்.

இன்னொன்று, அழைப்பிதழைப் பார்த்து நன்றி சொல்லாதீர்கள், மேடையைப் பார்த்துச் சொல்லுங்கள். வராத ஒருவருக்கு "நேரில் வந்து சிறப்பித்தமைக்கு" என்று நன்றி சொன்ன நிகழ்ச்சியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): எங்கள் வீட்டில் படுகு மொழி. பள்ளியில் படித்தது தமிழ்தான். ஆனாலும் பேச்சுப் பயிற்சியில் நான் எழுந்தால் "என்னப்பா ராகம் போடுற" என்று சிரிக்கிறார்கள். உச்சரிப்பை எப்படி மாற்றிக்கொள்வது?

பதில்: சிரித்தவர் எந்த ஊர் தம்பி? கோயம்புத்தூர்க்காரர் என்றால் அவருக்கு ஒரு ராகம், திருநெல்வேலிக்காரர் என்றால் இன்னொன்று, நாகர்கோவில்காரர் பேசினால் எனக்கே பாதி புரியாது. அவரவர் ராகம் அவரவர் காதுக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். ராகத்தை விட்டுவிடுங்கள், மாற்றப் போனால் பேச வந்த விஷயம் கையைவிட்டுப் போய்விடும்.

இரண்டு இடத்தில் மட்டும் உழைக்கலாம். ஒன்று, பொருள் மாறுகிற எழுத்து. "வழி தெரியாமல் வந்தேன்" என்பதும் "வலி தெரியாமல் வந்தேன்" என்பதும் ஒன்றில்லை. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொட்டால் ல, மேலே மடங்கி அண்ணத்தைத் தொட்டால் ள, அதே மாதிரி மடங்கி எதையும் தொடாமல் நின்றால் ழ. தமிழே வீட்டு மொழியாக உள்ளவர்களில் பாதிப் பேர் அந்தக் கடைசியில் தொட்டுவிடுகிறார்கள், அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. உங்கள் பேச்சில் வருகிற ழகரச் சொற்கள் மட்டும் பத்தோ பன்னிரண்டோ இருக்கும், அவற்றைத் தனியாக எழுதி, மெதுவாகச் சொல்லிப் பழகினால் போதும்.

இரண்டாவது, இது எல்லோருக்குமே சொல்கிறேன், வாக்கியத்தின் கடைசி. தமிழில் பாரம் முழுவதும் கடைசிச் சொல்லில்தான் ஏற்றியிருக்கிறது, யார் செய்தது, எப்போது, செய்ததா செய்யவில்லையா எல்லாம் அங்கேதான் தெரியும். "அந்த ரோட்டை அவர்கள் போடு..." என்று மூச்சு தீர்ந்து முழுங்கிவிட்டால், போட்டார்களா, போடுவார்களா, போடவில்லையா? கேட்பவர் பக்கத்து ஆளைப் பார்ப்பார். மூச்சைக் கடைசிச் சொல்லுக்கு மிச்சம் வைத்துப் பேசிப் பாருங்கள், சிரிக்க வந்தவர்களுக்கு நேரம் இருக்காது. உங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) நடக்கிற கூட்டமென்றால் படுகிலேயே பேசுங்கள், அங்கே போய்த் தமிழ்ப் பேச்சு பேசினால் அவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு நியாயம்.

கேள்வி (கூடலூர் வாசகர்): பேசும்போது கையை எங்கே வைப்பது?

பதில்: தோளிலிருந்து தொங்குகிற இடத்திலேயே இருக்கட்டும், தேவைப்பட்டால் தானாக எழுந்து வரும். ஸ்வெட்டர் பாக்கெட்டில் மட்டும் விடாதீர்கள், நம் ஊர்க் குளிரில் ஒரு தடவை உள்ளே போன கை வெளியே வராது.

கேள்வி (பந்தலூர் வாசகி): எங்கள் ஊருக்குள் வரும் பாதையில் மூன்று தெருவிளக்கு எரியவில்லை. யானை நடமாட்டம் உள்ள இடம். பிள்ளைகள் டியூஷன் விட்டு வருவதற்குள் இருட்டிவிடுகிறது. போன கிராம சபையில் எழுந்தேன். கோபத்தில் விளக்கு, தண்ணீர், ரேஷன், ரோடு என்று என்னென்னவோ பேசி, நடுவில் அழுதுவிட்டேன். அடுத்த தடவைக்கு எப்படித் தயார் செய்வது?

பதில்: இந்த மாதத்துக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையது. மற்றவர்களுக்குக் கைதட்டல் வேண்டும், உங்களுக்கு விளக்கு எரிய வேண்டும். அழுததைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏன் அழுகை வந்தது என்று பாருங்கள்: நாலு குறையை ஒரே மூச்சில் எடுத்தீர்கள், ஒன்றுக்கும் பதில் வராது என்று பாதியிலேயே உங்களுக்கே தெரிந்துவிட்டது. இந்தத் தடவை விளக்கு மட்டும். தண்ணீருக்கு அடுத்த கூட்டம் இருக்கிறது. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை கிராம சபை, ஒரு கூட்டத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு ஆறு குறை பேசலாம்.

பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். என்ன, எங்கே, எப்போதிலிருந்து, யாருக்கு என்ன ஆகிறது, என்ன வேண்டும். அவ்வளவுதான், இந்த வரிசையிலேயே. 'எங்கே' என்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள், கம்பத்தில் எண் எழுதியிருந்தால் மூன்று எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் எந்த வீட்டுக்கு எதிரில் என்று சொல்லுங்கள். "விளக்கே எரிவதில்லை" என்றால் "பார்க்கிறோம்" என்பார்கள், எண்ணோடு மூன்று கம்பம் என்றால் யாராவது எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். 'யாருக்கு என்ன ஆகிறது' என்பதில் ஒரே ஒரு சாயங்காலத்தைச் சொல்லுங்கள், பிள்ளைகள் எத்தனை மணிக்கு அந்த வளைவுக்கு வருகிறார்கள், யார் டார்ச்சோடு போய்க் கூட்டிவருகிறார்கள், ஒரு நாள் யானை நின்றது என்றால் அது எங்கே நின்றது. பெரிய சொல் எதுவும் வேண்டாம். 'என்ன வேண்டும்' என்பது கடைசி வாக்கியம், அதை மட்டும் உருப்போடுங்கள்: இந்த மூன்று விளக்கையும் இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், இதைத் தீர்மானமாக எழுதிப் படிக்க வேண்டும். தெருவிளக்குப் பராமரிப்பு ஊராட்சியின் வேலைதான், நீங்கள் யாரிடமும் உதவி கேட்கவில்லை, அந்தத் தொனியில் சொல்லலாம். அதையே ஒரு தாளில் எழுதி, பக்கத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு கொண்டுபோங்கள். வாய் அடைத்துக்கொண்டாலும் தாள் பேசும்.

திருக்குறளில் 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது என்று பேச்சு வகுப்புகளில் சொல்லாத நாளில்லை. அதற்கு முந்தின அதிகாரம் 'அவையறிதல்' என்பதை யாரும் சொல்வதில்லை. எதிரில் இருப்பது யார் என்று தெரிந்துகொள்வது முதலில், பயப்படாமல் இருப்பது அதற்கப்புறம், வள்ளுவர் வைத்த வரிசை அப்படித்தான் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கூட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருப்பார்கள், மலையாளம் பேசுகிறவர்கள் இருப்பார்கள், பணியர் பழங்குடியினர் இருப்பார்கள். நீளமான வாக்கியம் அங்கே பாதிப் பேரிடம் போய்ச் சேராது, ஆனால் அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் அவர்களும்தான். கூட்டத்துக்கு முதல் நாள் அவர்களில் இரண்டு பேரிடமாவது போய், நாளைக்கு இதைச் சொல்லப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்திகைக்கு ஒத்திகை, நீங்கள் எழும்போது கூடவே நாலு தலை எழும்.

கேள்வி (வெலிங்டன் வாசகர்): நான் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, ஆறு நிமிடத்தில் 31 தடவை "வந்து" சொன்னேன் என்று எல்லோர் முன்னிலும் கணக்குப் படித்தார். அத்தோடு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இது பயிற்சியா, அவமானமா?

பதில்: இரண்டும்தான், எந்த அளவுக்கு எது என்பது படித்த ஆளைப் பொறுத்தது. இப்படி எண்ணுவதற்கென்றே ஓர் ஆளைப் போடுவது டோஸ்ட்மாஸ்டர்ஸ் வழக்கம், 'ஆ கவுண்டர்' என்று பெயர், ஆங்கிலத்தில் 'ஆ', 'அம்' என்று இழுப்பதை எண்ணுவார்கள். நமக்கு இழுவை குறைவு, அதற்குப் பதில் 'வந்து', 'அதாவது', 'ஆக்சுவலா', 'என்ன சொல்ல வர்றேன்னா'. இவையெல்லாம் அடுத்த சொல் வருகிற வரைக்கும் இடம் பிடித்து வைக்கிற துண்டு மாதிரி, பஸ் ஜன்னல் வழியாகப் போடுவோமே, அது. துண்டு போடாமல் அந்த அரை நொடி சும்மா நின்றால் கேட்பவருக்கு அது யோசனையாகத்தான் தெரியும், பேசுகிற நமக்குத்தான் அரை நொடி அரை மணி நேரமாகத் தெரிகிறது. ஒரு வாரம், மேடையில் வேண்டாம், போனில் பேசும்போது மட்டும் 'வந்து' வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். முதல் இரண்டு நாள் எதிர்முனையில் "ஹலோ, கேக்குதா?" என்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணியவர் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. எண்ணிக்கையை மட்டும் படித்துவிட்டு உட்காருவது மதிப்பீடு ஆகாது. எந்த இடத்தில் 'வந்து' வரவே இல்லை என்றும் பார்த்திருக்க வேண்டும், அந்த இடத்தில் உங்களுக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது என்று அர்த்தம், அதைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். திரும்பிப் போங்கள். போய், அடுத்த வாரம் எண்ணுகிற வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஊட்டி, ஓர் ஆசிரியை): தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம். அங்கே இறைவணக்கக் கூட்டத்தில் மைக் இல்லாமலே பேசுவேன். இங்கே நாலு வாக்கியத்துக்கு மேல் மூச்சு வாங்குகிறது, உடம்பும் நடுங்குகிறது. எனக்கு மேடைப் பயம் வந்துவிட்டதா?

பதில்: பயம் இல்லை டீச்சர், உயரம். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருக்கிறது, இங்கே காற்றின் அழுத்தம் தஞ்சாவூரில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். அதே மூச்சில் உள்ளே போகிற பிராணவாயு குறைவு. பெரும்பாலும் சில வாரங்களில் உடம்பு பழகிக்கொள்ளும், உங்களுக்கு மாடி ஏறும்போதும் அப்படியே நீடித்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை தஞ்சாவூர் வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசுங்கள். நடுக்கம் குளிரில் வருவது, ஆனால் எதிரில் இருக்கிறவர்களுக்கு அது பயமாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் நமக்கே அப்படித் தோன்ற ஆரம்பித்துவிடும். கீழேயிருந்து வருகிற பேச்சாளர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, மேடை ஏறும் முன் மரியாதைக்கு ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவது. போட்டுக்கொண்டே பேசுங்கள், இங்கே கலெக்டரே அப்படித்தான் பேசுவார். தொண்டைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. பால் டீ குடித்தவுடன் பேசினால் எனக்குத் தொண்டையில் ஒரு கொழகொழப்பு நிற்கிறது, தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, பேசி முடித்த பிறகு குடியுங்கள்.

கேள்வி (பூம்பாறை, ஒரு தாய்): ஆறாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் பேச்சுப் போட்டி. தலைப்பு 'இயற்கையைக் காப்போம்'. வேறொருவர் எழுதிக் கொடுத்த பேச்சை, இந்த வரிக்குக் கையைத் தூக்கு, இந்த வரிக்கு நெஞ்சில் வை என்று பழக்குகிறார்கள். அவனுக்கு வரி வந்தால் கை வரவில்லை, கை வந்தால் வரி வரவில்லை.

பதில்: கையை விட்டுவிடச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்ததையும் பாதி விட்டுவிடலாம். பூம்பாறையில் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே படிப்படியாக இறங்குகிற பூண்டு வயல் தெரிகிறதே, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அந்தப் படிகளில் ஒன்று மழைக்குச் சரிந்தால் அப்பா என்ன செய்வார் என்று அவனைக் கேளுங்கள். சொல்லுவான், கையும் தானாக ஆடும். பரிசு கிடைக்குமா என்று கேட்காதீர்கள், சில நடுவர்களுக்குக் கை தூக்கினால்தான் பிடிக்கும்.

கேள்வி (தாண்டிக்குடி வாசகர்): முப்பது வருடம் என்னோடு காபித் தோட்டத்தில் வேலை பார்த்த நண்பர் போய்விட்டார். பதினாறாம் நாள் கூட்டத்தில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவர் மகன் கேட்கிறான். மேடையே ஏறியதில்லை. உடைந்துவிடுவேனோ என்று பயம்.

பதில்: உடைந்தால் உடையுங்கள் ஐயா, அங்கே இருக்கிற யாரும் அதைக் குறையாக நினைக்க மாட்டார்கள். நின்று, தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்காகவே தாளில் எழுதி வைத்துப் படியுங்கள். மேலே ஒரு வாசகிக்கு எழுதாதீர்கள் என்றேன், உங்களுக்கு எழுதுங்கள் என்கிறேன், இடம் வேறு. பெரிய எழுத்தில், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நல்ல இடைவெளி விட்டு எழுதுங்கள், கண் கலங்கினாலும் வரி தெரியும்.

அவர் நல்லவர், பண்பாளர் என்பதை மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். மிளகு ஏணியில் அவர் எப்படி ஏறுவார், காபிப் பழம் பறிக்கிற நாளில் சாப்பாட்டுத் தூக்கை எந்த மரத்தடியில் வைப்பார், உங்களோடு எதற்குச் சண்டை போட்டார், யார் முதலில் திரும்பிப் பேசியது. வீட்டார் தெரியாத ஒரு சின்ன விஷயம் கிடைத்தால் அந்தப் பையன் அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வான். சிரிப்பு வருகிற விஷயமாக இருந்தாலும் சொல்லலாம், பதினாறாம் நாளில் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் சிரிக்கக் காத்திருப்பார்கள். அவனுக்குப் புத்தி சொல்லாதீர்கள். மூன்று நிமிடம் போதும், முடித்ததும் தாளை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்காருங்கள். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லையே, அதே மாதிரி 'நன்றி வணக்கம்' வேண்டாம்.